பஞ்சிழை

அண்ணனின் ஆள்காட்டி விரல் சிலிண்டருக்குள் இறங்கும்போது பட்டறையில் யாரும் பேசுவதில்லை. அப்படியொரு சட்டத்தை யாரும் போட்டதில்லை. ஆனாலும் மரம் அறுக்கும் இயந்திரத்தைத் தோளில் சுமந்து வந்தவரும், மருந்தடிக்கும் இயந்திரத்தை முதுகில் கட்டிக்கொண்டு வந்தவரும் அதுவரை ஊர்க்கதை எல்லாம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, அந்த விரல் உள்ளே போனதும் வாயை மூடிக்கொள்வார்கள். அண்ணன் கண்களை மூடிக்கொள்வார். விரல்நகம் சிலிண்டரின் உட்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு முறை, குறுக்காக ஒரு முறை வழுக்கிச் செல்லும். பிறகு தீர்ப்பு வரும்.

"மேல சுவர் தேஞ்சு படி விழுந்திருக்கு. ரிங் மட்டும் மாத்தினா போதும்னு எவனாச்சும் சொன்னா நம்பாதீங்க. போரிங் போட்டே ஆகணும்."

அதற்குமேல் அப்பீல் கிடையாது. அவருடைய பெயர் தெரியாதவர்கள் பலர் இருந்தார்கள். விரல்காரர் பட்டறை எங்கே என்று கேட்டால் வழி சொல்லாதவர்கள் இல்லை.

அந்த விரலுக்கு ஒரு வருடத்துக்கு மேலாக எதுவுமே தெரிவதில்லை என்பது அவருடைய தங்கை ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அது தெரியவந்தது ஒரு நாற்றத்தால். அப்போதுதான் ஓடி நின்ற ஒரு என்ஜினின் சைலன்சரைக் கழற்றி எடுத்து, அதற்குள் படிந்திருந்த கரியை வாடிக்கையாளர் ஒருவருக்குக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார் அண்ணன். "என்ன கருகுது?" என்று முதலில் கேட்டவரும் அவர்தான். தங்கை ஓடிவந்து அவர் கையிலிருந்து அதைத் தட்டிவிட்டாள். விரல்நுனிகளில் வெள்ளையாகக் கொப்புளம் எழும்பியிருந்தது. யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை கொஞ்சம் கூடிப்போச்சு போல," என்றார் அவர், டம்ளரில் ஒரு கரண்டி அதிகமாகப் போட்டுவிட்டவர் மாதிரி. அதன்பிறகு அவள் கவனிக்கத் தொடங்கினாள். சட்டைப் பொத்தானைக் குனிந்து கண்ணால் பார்த்துத்தான் போட்டார். மேசைமேல் கிடந்த சிறு திருகாணியை எடுக்க விரல்கள் வெறும் பலகையைக் கிள்ளிக் கிள்ளிக் களைத்தன.

தீர்ப்புகள் மட்டும் பிசகவில்லை. அதற்குக் காரணம் உண்டு. புகையின் நிறம், கிக்கரை மிதிக்கும்போது கிடைக்கும் எதிர்ப்பு, பிஸ்டனின் பக்கவாட்டில் இறங்கியிருக்கும் கறுப்பு, கொண்டுவந்தவர் புலம்பும் புலம்பல் ஆகிய இவற்றை வைத்தே சிலிண்டரின் உடல்நிலையைச் சொல்லிவிடும் அனுபவம் அவருக்கு இருந்தது. விரல் வெறும் சடங்காக உள்ளே போய் வந்தது. பிறகு தங்கை அளவுகோலை வைத்து அளந்தாள், சரியாகவே இருந்தது.

பொய்யாகச் செய்ய முடியாத வேலை ஒன்றே ஒன்றுதான். டூ ஸ்ட்ரோக் என்ஜினின் சிலிண்டர் வெறும் குழாயல்ல. அதன் சுவரில் ஜன்னல்கள் இருக்கின்றன. புதுக் காற்றும் பெட்ரோலும் ஒரு ஜன்னல் வழியாக உள்ளே வரும்; எரிந்த புகை இன்னொரு ஜன்னல் வழியாக வெளியேறும். பட்டறையில் அவற்றுக்குப் போர்ட் என்று பெயர். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் மெல்லிய ரிங், மேலும் கீழும் போகும் ஒவ்வொரு முறையும் இந்த ஜன்னல்களைக் கடந்தாக வேண்டும். கடக்கும்போது விறைப்பாக வெளியே பிதுங்கி, ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்கும். தேய்ந்த சிலிண்டரைப் போரிங் மெஷினில் வைத்துக் கடைந்து அகலமாக்கும்போது, உளி அந்த ஜன்னல் விளிம்புகளைக் கத்திமுனை போலக் கூராக்கி விட்டுவிடுகிறது. கூரை அரத்தாலும் உப்புத்தாளாலும் மழுக்காமல் விட்டால், எட்டிப் பார்க்கும் ரிங்கை விளிம்பு ஒரு நாள் பிடித்துக்கொள்ளும். ரிங் உடைந்தால் துண்டு சுவரைக் கீறும், என்ஜின் ஓடும் ஓட்டத்திலேயே இறுகி நின்றுவிடும்.

மெஷின் தங்கையுடையது. கணவன் வீட்டார் முகம் சுளித்தும் அவள் விடாமல் பிடித்துக்கொண்ட வேலை அது. விளிம்பு மழுக்குவது அண்ணனுடையது. இருண்ட குழாய்க்குள், வளைந்த சுவரில், மயிரிழைக் கூரைக் கண் காட்டிக்கொடுக்காது. விரல்தான் காட்டிக்கொடுக்க வேண்டும்.

ஆகவே அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். அண்ணன் வேலையை முடித்து, "கழுவிடு பாப்பா," என்று சொல்லிவிட்டு எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போவார். மூன்று பிள்ளைகளின் தாயான பிறகும் அவள் அவருக்குப் பாப்பாதான். அவர் தெருவைக் கடந்ததும் அவள் ஒரு குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, ஒவ்வொரு ஜன்னலின் விளிம்பிலும் மெதுவாக இழுப்பாள். விளிம்பு மழுங்கியிருந்தால் பஞ்சு வழுக்கிக்கொண்டு போகும். கூர் மிச்சமிருந்தால் ஓர் இழை அதில் சிக்கிக்கொண்டு நீளும். சிக்கிய இடத்தில் அவளே அரத்தை வைத்து அவசரமாக மழுக்கி, மறுபடியும் பஞ்சை ஓட்டிப் பார்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, எண்ணெய் தடவித் துணிமேல் கவிழ்த்து வைத்துவிடுவாள். டீ குடித்துவிட்டு வரும் அண்ணன் அதை எடுத்து என்ஜினில் மாட்டுவார்.

அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று அவள் நினைக்காத நாளில்லை. சொல்ல வேண்டிய சொற்களைக் கடையும்போது மனத்துக்குள் அடுக்கிவைப்பாள். மெஷின் நின்றதும் சொற்களும் நின்றுவிடும். விரல்காரரிடம் போய் உன் விரல் செத்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? அவரிடம் சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. பஞ்சுப் பொட்டலம்தான் மாதாமாதம் தீர்ந்துகொண்டிருந்தது.

அண்ணனின் மருமகன் கழிமுகத்தில் படகு ஓட்டுபவன். இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆள் ஏற்றி இறக்கும் சிறிய படகு. பின்னால் ஒற்றைச் சிலிண்டர் என்ஜின், அதிலிருந்து நீளும் தண்டின் நுனியில் விசிறி. ஒரு நாள் அவன் அந்த என்ஜினைப் பட்டறை வாசலில் இறக்கி வைத்தான்.

"புகைய பாருங்க மாமா. ஏறி உக்காந்தவங்க அக்கரை போறதுக்குள்ள கறுத்துப்போயிடறாங்க. அவங்க வீட்டுல அடையாளம் தெரியாம உள்ள விட மாட்டேங்கறாங்களாம்."

அண்ணன் சிரித்துக்கொண்டே மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினார். விரல் உள்ளே போயிற்று. மருமகன் பேச்சை நிறுத்திக்கொண்டு, கைகட்டி நின்றான். அவனுக்கு மாமனார் வீட்டில் வேறு எதன்மேலும் பெரிய மரியாதை கிடையாது. அந்த விரல்மேல் உண்டு.

"போரிங்தான் மாப்பிள்ளை. நாளைக்குச் சாயங்காலம் வாங்க."

"சாயங்காலமா? உங்க பொண்ணு டிக்கெட் கிழிக்கிறேன்னு தினம் படகுலதான் உக்காந்திருக்கா. ஒரு நாள் படகு ஓடலன்னா டிக்கெட்டுக்குப் பதிலா என்னைக் கிழிச்சிடுவா."

மறுநாள் காலையில் தங்கை சிலிண்டரைக் கடைந்து, ஹோனிங் கல்லால் உட்சுவரைத் தேய்த்துச் சீராக்கி, புதுப் பிஸ்டன் அதற்குள் சரியான இடைவெளியோடு இறங்குகிறதா என்று அளந்து, அண்ணனிடம் கொடுத்தாள். அவர் பட்டறை ஜன்னலோரம் உட்கார்ந்து விளிம்புகளை மழுக்கினார். முடித்ததும் வழக்கம்போலச் சொன்னார்.

"கழுவிடு பாப்பா."

அவர் தெருவைக் கடந்ததும் அவள் பஞ்சை எடுத்தாள். புகை வெளியேறும் பெரிய ஜன்னலின் கீழ்விளிம்பில் பஞ்சு நின்றது. இழுத்தாள். வெள்ளையாய் ஓர் இழை சிக்கி நீண்டு நின்றது. அரத்தை எடுக்கக் கை நீட்டிய நேரத்தில் செல்போன் அடித்தது. அவள் கணவன். நகரப் பேருந்து ஓட்டுபவன்.

"எங்க இருக்க?"

"பட்டறையில. வேற எங்க இருப்பேன்?"

"நான் நம்ம வீட்டு வாசல்ல நிக்கிறேன். வீட்டுச் சாவி பஸ்லயே போயிடுச்சு."

"நீங்கதான டிரைவரு? உங்கள விட்டுட்டு பஸ் எப்படிப் போச்சு?"

"டூட்டி மாறியாச்சு, வேறொருத்தன் ஓட்டிட்டுப் போறான். சிரிக்காத. ராத்திரி முழுக்கக் கண்ணு மூடல. வெயில்ல வெந்துக்கிட்டு நிக்கிறேன், சாவிய எடுத்துட்டு வா."

அவள் சிலிண்டர்மேல் ஒரு துணியைப் போட்டாள். மருமகன் சாயங்காலம்தானே வரப்போகிறான். தான் கழுவித் தராமல் அண்ணன் எதையும் எடுத்து மாட்டியதில்லை. மொபெட்டைக் கிளப்பியபோது எதிர்க் கடையில் அண்ணன் நின்றிருந்தார். "இதோ வந்துடறேண்ணே," என்றாள். அவர் டம்ளரை உயர்த்திக் காட்டினார். அதை மாட்டிவிடாதே என்று ஒரு வார்த்தை கூடச் சொல்லியிருக்கலாம். ஏன் என்று அவர் கேட்டிருந்தால்?

வீட்டில் கதவைத் திறந்துவிட்டதோடு வேலை முடியவில்லை. கணவனுக்குப் பசி, அவனுடைய சீருடையில் இன்னொரு பொத்தான் அறுந்து தொங்கியது, கீழ்வீட்டுக்காரி குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சண்டைக்கு வந்தாள். திரும்பிப் பட்டறைக்கு வந்தபோது வெயில் உச்சியைத் தாண்டிவிட்டது.

வேலைமேசையில் துணி மட்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"சிலிண்டர் எங்கண்ணே?"

அண்ணன் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகம் பளிச்சென்று இருந்தது. "மாப்பிள்ளை முன்னாடியே வந்துட்டாரு. அக்கரையில ஏதோ கூட்டம் நடந்துச்சாம், ஆளுங்க திரும்பறதுக்கு வரிசையில நிக்கிறாங்களாம். நானே கழுவி மாட்டிக் குடுத்துட்டேன். ஒரே இழுப்பு பாப்பா, உறுமிக்கிட்டுக் கிளம்புச்சு."

"போர்ட் விளிம்பெல்லாம் பாத்தியா?"

"பாத்தாச்சு, பாத்தாச்சு," என்றார் அவர். ஆனால் அவள் கண்ணைப் பார்க்காமல், கையிலிருந்த துணியைப் பார்த்துச் சொன்னார்.

அவள் செல்போனை எடுத்தாள். மருமகனின் எண்ணை அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. தெருமுனையில் இறங்கினால் படகுத்துறை. மொபெட்டை எடுக்கவும் தோன்றாமல் ஓடினாள்.

துறையில் படகு இல்லை. பலகைப் பாலத்தின் நுனியில் நின்று பார்த்தால், அகன்ற தண்ணீருக்கு அப்பால் அக்கரை ஒரு கோடாகத் தெரிந்தது. கோட்டில் ஒட்டிய புள்ளியாய்ப் படகு. போய்ச் சேர்ந்துவிட்டது. அதில் ஆறுதல் ஒன்றுமில்லை என்பது அவளுக்குத் தெரியும். புது ரிங் பழகும்வரை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும் என்று அண்ணன் சொல்லியனுப்பியிருப்பார், போகும்போது தண்ணீரும் அமைதியாக இருந்திருக்கும். இப்போது ஓதம் இறங்கத் தொடங்கிவிட்டது. பாலத்தின் தூண்களைச் சுற்றித் தண்ணீர் கடலைப் பார்த்துச் சுழித்துக்கொண்டு ஓடியது. அந்த இழுப்பை அறுத்துக்கொண்டு வர என்ஜினை முழுமூச்சாக முறுக்கியாக வேண்டும். முறுக்கினால் ரிங் பிதுங்கும், விளிம்பு பிடிக்கும். நட்டாற்றில் என்ஜின் நின்றால், நிறை படகைத் துடுப்பு போட்டு நிறுத்த முடியாது. முகத்துவாரத்தில் அலை தடுக்கப் போட்ட பாறைக்குவியல்மேல்தான் அது போய் மோதும்.

அண்ணன் மகளின் எண்ணை அழைத்தாள். எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்கத்தை. ஆளுங்க ஏறிட்டு இருக்காங்க, ஒண்ணும் கேக்கல, சத்தமா சொல்லுங்க."

"படகை எடுக்க வேண்டாம்னு அவர்கிட்ட சொல்லும்மா. என்ஜின்ல ஒரு கோளாறு இருக்கு."

"கோளாறா? வரும்போது பூனைக்குட்டி மாதிரி வந்துச்சே. பொறுங்க, அவர்கிட்டயே சொல்லுங்க." தூரமாக அவள் குரல் கேட்டது: "இந்தாங்க, அத்தை. என்ஜின்ல கோளாறாம்."

"என்னத்தை," என்றான் மருமகன், "குடுத்த அன்னைக்கே கண்ணு வைக்கறீங்க?"

ஓடிவரும் வழியிலேயே அவள் பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தாள். அது யாரையும் காயப்படுத்தாத பொய்; அவளைத் தவிர. "தப்பு என்னுதுதான் மாப்பிள்ளை. போரிங் போட்டப்ப கவனிக்காம விட்டுட்டேன், போர்ட் விளிம்பு கூரா நிக்குது. ரிங்கைப் பிடிச்சுக்கும். தயவுசெஞ்சு எடுக்காதீங்க."

மருமகன் சிரித்தான். "விளிம்பு மழுக்கறது மாமா வேலைன்னு எனக்குத் தெரியாதா? உங்க மெஷின் விட்டுட்டா மாமா விரல் விட்டுடுமா? அவர் பாத்து மாட்டினதுக்கு அப்புறம் நீங்க ஏன் பயந்து சாகறீங்க?"

மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் கொடுமை. அவள் கட்டிய பொய்யை அவனுடைய நம்பிக்கை வந்து இடித்துத் தள்ளியது.

"சரி, மெதுவாவாச்சும் வாங்க. பாதி வேகத்துல."

"பாதி வேகத்துல வந்தா இந்த இழுப்புல வீட்டுக்கு வர மாட்டோம் அத்தை, கடலுக்குத்தான் போவோம். படகு நிறைய ஆளு. வந்து பேசிக்கலாம்."

செல்போனுக்குள் கயிற்றை இழுக்கும் சத்தம் கேட்டது. ஒரே இழுப்பு. என்ஜின் உறுமியது, அண்ணன் சொன்ன அதே உறுமல்.

"மாப்பிள்ளை!" அவள் கத்தினாள். துறையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அண்ணன் விரலுக்கு உணர்ச்சி இல்ல!"

"என்ன?"

"மரத்துப்போயிடுச்சு. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. கூரா மழுங்கலான்னு அவருக்குத் தெரியாது. இத்தனை நாளும் பின்னாடியே நான் பாத்து சரி பண்ணிக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு நான் பாத்து முடிக்கல. கூர் இருக்கு, நானே சோதிச்சுப் பாத்தேன்."

மறுமுனையில் என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ பின்னால் நிற்பதை உணர்ந்து அவள் திரும்பினாள். அண்ணன். பட்டறையைப் பூட்டாமல், செருப்பும் போடாமல், மூச்சு வாங்க நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"மாமா பக்கத்துல இருக்காரா?" என்றது செல்போன்.

"இருக்காரு."

"அவர்கிட்ட குடுங்க. இதை அவர் சொல்லட்டும்."

அவள் செல்போனை நீட்டினாள். அண்ணன் அதை இரண்டு கைகளாலும் வாங்கினார். ஒரு கையை நம்ப முடியாதவர்கள் அப்படித்தான் வாங்குவார்கள். காதில் வைத்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தார்.

"கட்டிப் போடுங்க மாப்பிள்ளை," என்றார். "அவ சொல்றது நிஜந்தான்."

என்ஜின் நின்றது.

கூட்டம் வேறு படகுகளில் பிரிந்து வந்து சேர்ந்தது. மருமகனின் படகைச் சரக்குப் படகு ஒன்று கட்டி இழுத்து வந்தது. இக்கரையில் இறங்கியவர்களில் சிலர் முணுமுணுத்தார்கள், சிலர் சிரித்தார்கள். மருமகன் என்ஜினைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, யாரோடும் பேசாமல் தெருவில் ஏறி நடந்தான். அவன் மனைவி பின்னால் வந்தாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று யோசித்து, பிடிக்காமல் வந்தாள்.

பட்டறையில் சிலிண்டரைக் கழற்றியது தங்கை. அண்ணன் ஜன்னலோரம் தன் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பிஸ்டன் வெளியே வந்தது. ரிங் உடையவில்லை. மருமகன் அதைப் பிடுங்காத குறையாக வாங்கி, வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"முழுசாத்தான இருக்கு? இதுக்காகவா ஊர் முன்னாடி என்னை இழுத்துட்டு வர வச்சீங்க?"

தங்கை ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டினாள். ரிங்கின் முகத்தில் எள்ளளவுக்கு ஒரு வெட்டு, புதிதாய் மின்னியது. பெரிய ஜன்னலின் கீழ்விளிம்பில் அதற்கு இணையாக ஒரு கீற்று. விளிம்பு பிடிக்கத் தொடங்கியிருந்தது, அவ்வளவுதான்.

"உடைஞ்சிருக்கும்," என்றாள்.

"உடைஞ்சிருக்கும்னா? உடையாமயும் இருந்திருக்கும்ல?"

நடக்காமல் போன ஒன்றை எந்த அளவுகோலை வைத்து அளப்பது? மருமகன் ரிங்கை மேசைமேல் வைத்தான். கோபம் அவனிடமிருந்து மெல்ல இறங்கி வேறொன்றாக மாறிக்கொண்டிருந்தது. "ஒரு வருஷமாவா?" என்றான், மாமனாரைப் பார்க்காமல். "போன மழையில ஒரு தடவை மாட்டிக் குடுத்தீங்களே. அப்ப படகுல இவ வயித்துப் பிள்ளையோட—"

"போதும் விடுங்க," என்றாள் அவன் மனைவி.

"காலையில வர்றேன்," என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் அப்பாவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அண்ணனும் தங்கையும் மிச்சமானார்கள். தெருவில் கடைகள் விளக்குப் போடத் தொடங்கியிருந்தன. அவர் திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். துறை நிறைய ஆட்கள் இருக்க, உரக்கக் கத்திச் சொல்லிவிட்டாள். திட்டினால் கொஞ்சம் சுலபமாக இருக்கும்.

"பஞ்சு இருந்துச்சு பாப்பா," என்றார் அண்ணன்.

"என்ன?"

"கீழ்விளிம்புல பஞ்சு இழை ஒண்ணு தொங்கிக்கிட்டு இருந்துச்சு. டார்ச் அடிச்சுப் பாத்தேன். அதைப் பாத்துட்டுத்தான் மாட்டினேன்."

அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. "பஞ்சு இருந்தா அங்க கூர் இருக்குன்னு அர்த்தம்ணே."

"அது உனக்கு. எனக்கு எப்படித் தெரியும்? நீ கழுவி வைக்கிற சிலிண்டர்ல சில நாள் ஓர் இழை ஒட்டிக்கிட்டு இருக்கும். அதைப் பாத்தா, சரி, பாப்பா பாத்துட்டா, இனிமே பயமில்லன்னு மாட்டுவேன். இன்னைக்கும் இருந்துச்சு. நீ பாத்து முடிச்சுட்டு, கழுவறதை மட்டும் விட்டுட்டுப் போயிருக்கேன்னு நெனச்சேன்."

தங்கை முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அப்ப நான் பாக்கறது உனக்குத் தெரியுமா?"

"தெரியாம?"

"எப்பத்துலேருந்து?"

"நீ பஞ்சுப் பொட்டலத்தை ரம்பப் பெட்டிக்குப் பின்னால ஒளிச்சு வச்சதுலேருந்து." அவர் லேசாகச் சிரித்தார், சிரிப்பு முகத்தில் தங்காமல் விழுந்துவிட்டது. "நான் எதுக்கு அந்த எதிர்க் கடைக்குப் போறேன்னு நெனச்ச? சர்க்கரை போடாத டீயை எவனாச்சும் ஆசையாக் குடிப்பானா? நீ பாக்கறதுக்கு நேரம் வேணுமேன்னு வெளிய போய் நிப்பேன். அந்த ஆள் குடுக்கிற கழுநீரை ஒரு வருஷமாக் குடிச்சிருக்கேன்."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. இவ்வளவு காலமும் அவள் அவரிடமிருந்து மறைத்தாள். அவர் தனக்குத் தெரியும் என்பதை அவளிடமிருந்து மறைத்தார். ஒருவர்மேல் ஒருவர் வைத்த அக்கறைதான் அவர்களை ஊமையாக்கியிருந்தது. அந்த ஊமைத்தனத்தின் நடுவே ஒரே ஓர் இழை கிடந்தது. ஆபத்து என்று அவள் அதில் எழுதியிருந்தாள். ஆபத்தில்லை என்று அவர் அதைப் படித்திருந்தார். தன் மகளும் அதே படகில் இருப்பாள் என்று தெரிந்துதான் படித்திருந்தார்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணே. பாத்துட்டியான்னு ஒரே ஒரு வார்த்தை."

"கேட்டா, எனக்குத் தெரியலன்னு ஆயிடுமே." அவர் தன் ஆள்காட்டி விரலை மறு கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். "நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, உனக்குத் தெரியலன்னு ஆயிடுமே."

அவள் எழுந்து சிலிண்டரை எடுத்து அவர் மடியில் வைத்தாள். அரத்தைக் கையில் கொடுத்தாள். ரம்பப் பெட்டிக்குப் பின்னாலிருந்து பஞ்சுப் பொட்டலத்தை எடுத்துவந்து மேசையின் நட்டநடுவில் வைத்தாள். அவர் மழுக்கினார். அவள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பஞ்சை இழுத்தாள். சிக்கியது. அவர் இழையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் கீழண்ணே."

மறுபடியும் மழுக்கினார். அரம் இரண்டு முறை நழுவியது. மூன்றாம் முறை அவளிடமே நீட்டினார்.

காலையில் மருமகன் வந்தபோது என்ஜின் புது ரிங்கோடு தயாராக இருந்தது. வாசலில் ஏற்கெனவே ஒருவர் காத்திருந்தார்; மருந்தடிக்கும் இயந்திரத்துக்காரர், பழைய வாடிக்கையாளர். அவருக்கு நேற்றைய சங்கதி எதுவும் எட்டியிருக்கவில்லை போலும். வெட்டுக்கிளியைப் பற்றி உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார். மருமகன் என்ஜினைத் தூக்கவில்லை. அதன் பக்கத்தில் நின்றுகொண்டு, இருவரில் எவரையும் பார்க்காமல் கேட்டான்.

"யார் பாத்தது?"

அந்தக் கேள்வியை அவன் இதற்குமுன் கேட்டதில்லை. தங்கை வாயைத் திறந்தாள், அண்ணன் முந்திக்கொண்டார்.

"அவ பாத்தா."

மருமகன் தலையாட்டினான். என்ஜினைத் தோளில் ஏற்றிக்கொண்டான். ஆனால் உடனே போகவில்லை. மருந்தடிக்கிறவர் தன் சிலிண்டரைக் கொண்டுவந்து அண்ணன் முன்னால் வைத்துவிட்டு, ஓரடி பின்வாங்கி, வெட்டுக்கிளியைப் பாதியில் விட்டுவிட்டு, பழக்கம்போல வாயை மூடிக்கொண்டார். பட்டறை அமைதியாயிற்று.

அண்ணன் சிலிண்டரைக் கையிலெடுத்தார். கண்களை மூடினார். விரல் உள்ளே இறங்கியது. மேலிருந்து கீழாக ஒரு முறை, குறுக்காக ஒரு முறை. தோளில் பாரத்தோடு மருமகன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். என்ன சொன்னாலும் சரியாகத்தான் இருக்கும். புகையைப் பற்றி அந்த மனிதர் வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டிருந்தார். போரிங் என்று சொன்னால் போதும்.

விரல் வழக்கத்தைவிட நெடுநேரம் உள்ளேயே இருந்தது.

"தெரியல," என்றார் அண்ணன்.

மருந்தடிக்கிறவர் சிரித்தார். "விரல்காரரே இப்படிச் சொன்னா நாங்க எங்க போறது?"

வேறு யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் விரலை வெளியே எடுத்து, துணியில் துடைத்து, சிலிண்டரை மேசைமேல் தங்கையின் பக்கமாகத் தள்ளினார். கண்களை அவர் இன்னும் திறக்கவில்லை. அவள் அளவுகோலை எடுக்க மேசையின் இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே கிடந்தவை எல்லாம் ஒன்றோடொன்று மோதிச் சத்தமிட்டன.